புரட்டாசியில் மட்டும் தேறியவள்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு முகம் வெளுத்தால் முதலில் வீட்டுக்கு வருவது ஆட்டு மண்ணீரல். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை அனலில் வாட்டி, மிளகும் உப்பும் தடவி, ஞாயிறுதோறும் ஊட்டுவார்கள். அதற்கும் தேறாவிட்டால் ஆட்டுக்கால் சூப்பு. அதற்கும் அசையாவிட்டால் கண்ணேறு கழிப்பார்கள். டாக்டர் நான்காவது இடத்தில் இருக்கிறார். இந்த வரிசையை மாற்ற முயன்று நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

இந்த முறை முதல் இரண்டு வைத்தியமும் செல்லுபடியாகவில்லை. நோயாளி கறி தொடாதவள்.

நோயாளி என் தங்கை சாந்தியின் மகள் ஹரிணி. பதினொன்றாம் வகுப்பு. இண்டூர் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உண்டு. நான் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாமல் கருவூலத்தில் காலம் தள்ளி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். தருமபுரி டவுனில் தனியாக இருக்கிறேன். எந்த அலுவலகத்தில் எந்த மேஜைக்கு எந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் சொந்தத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் துணைக்குப் போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

வளரும் பிள்ளை ஒன்று திடீரென்று "இனிமே எனக்குக் கறி வேணாம்" என்று சொல்லும் வீடுகள் இப்போது நிறைய. அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயந்துகொண்டே படிக்க வேண்டாம். பிள்ளை இன்று நன்றாக இருக்கிறாள்.

ஹரிணி கறியை நிறுத்தியது ஏழாம் வகுப்பு முடித்த கோடையில். ஏன் என்று கேட்டோம். "புடிக்கல" என்றாள். எங்கள் வீட்டில் அது ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏற்றிவிட்டார்கள் என்றார் அவள் அப்பா முருகேசன். பொம்மிடியில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை இந்திராணி போனிலேயே தீர்ப்பு எழுதினாள்: "எங்கியோ பயந்திருக்குதுண்ணா. மந்திரிச்சா சரியாப் பூடும்." மந்திரித்தார்கள். சரியாகப் போகவில்லை. பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டது போலத்தான் இருந்தது.

போன வருடம் அவளுக்குக் களைப்பு தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படுத்துவிடுவாள். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது, காரம் பட்டால் எரிகிறது என்றாள். விரல் முட்டிகள் கறுத்துக்கொண்டு வந்தன. பாத்திரம் தேய்க்கிற கறை என்று நினைத்து சாந்தி எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

படித்தவளான நான் சும்மா இருப்பேனா? சைவம் சாப்பிடும் வயதுப் பெண்ணுக்கு முதலில் குறைவது இரும்புச் சத்து என்பது பாடப்புத்தகம். முருங்கைக்கீரை, ராகி, எள்ளுருண்டை, வேர்க்கடலை என்று அடுக்கினேன். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால்தான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும் என்றேன். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது என்றேன். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். அத்தனையும் சரியான ஆலோசனைகள். வேறு நோய்க்கு.

பொங்கல் கழிந்த வாரம் அவள் குளியலறையில் விழுந்தாள். வழுக்கி விழவில்லை. முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். போய்ப் பார்த்தபோது நெற்றியில் புடைப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"தலை சுத்துச்சா கண்ணு?"

"இல்ல பெரிம்மா. கண்ணை மூடுனா கால் எங்க இருக்குதுன்னே தெரிய மாட்டேங்குது. மெத்தை மேல நிக்கற மாதிரி இருக்குது."

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளா."

பதினாறு வயதில் "கொஞ்ச நாள்" என்றால் மாதக்கணக்கு. அன்றே தருமபுரிக்குக் கூட்டிவந்தேன்.

எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். பெரியது, கூட்டமானது, நல்லது. சீட்டு வாங்கும் இடம், ரத்தம் எடுக்கும் இடம், முடிவு வாங்கும் இடம் மூன்றும் மூன்று மூலையில் இருக்கும். எல்லா மருத்துவமனைகளையும் ஒரே ஆள்தான் வரைந்து கொடுத்திருக்கிறார் என்பது என் நெடுநாள் சந்தேகம். காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பாப்பாரப்பட்டி அம்மாள் ஒருத்தி ஹரிணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஈரல் குடுங்க, ரத்தம் ஊறும்" என்றாள். ஐந்து நிமிடத்தில் எதிர் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி அதையே சொன்னாள். அந்தக் கூடத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை.

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் ரத்த முடிவைப் பார்ப்பதற்கு முன்பே ஹரிணியின் கையை எடுத்து விரல் முட்டிகளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, "மேல போவுதா, கீழ போவுதா?" என்று கேட்டார். ஹரிணி பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னாள். சாந்தி, "நல்லாச் சொல்லு கண்ணு" என்றாள், பரீட்சையில் தேறாமல் போகிறாளே என்பது போல.

பிறகுதான் அவர் தாளைப் பார்த்தார். ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உண்டு. சிவப்பணு காற்றைச் சுமக்கும். வெள்ளையணு கிருமியோடு மல்லுக்கட்டும். தட்டணு காயத்தை அடைக்கும். வெறும் இரும்புக் குறைவாக இருந்தால் முதலாவதுதான் அடிவாங்கும். ஹரிணிக்கு மூன்றுமே விழுந்திருந்தன.

விலங்கியல் படித்ததன் பலனை அன்றுதான் அனுபவித்தேன். மூன்றும் சேர்ந்து விழுந்தால் எலும்பு மஜ்ஜையில் கோளாறு இருக்கலாம் என்றும், அந்தக் கோளாறுகளில் ஒன்றின் பெயர் ரத்தப் புற்றுநோய் என்றும் எனக்குத் தெரியும். சாந்திக்குத் தெரியாது. அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பாப்பா என்ன சாப்பிடுவா?" என்று கேட்டார் டாக்டர்.

"கறி, முட்டை ஒண்ணும் தொட மாட்டாங்க" என்றாள் சாந்தி.

"பால், தயிர்?"

"வூட்ல ரெண்டு மாடு கறக்குதுங்க. பாலுக்கு என்னாங்க கொற? காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர், நானே கையில குடுத்துருவன்."

ஹரிணி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும் இப்படி ஆகும், ஆனால் அது பாலிலும் தயிரிலும் உண்டு, தினமும் இரண்டு வேளை பால் குடிக்கும் பெண்ணுக்கு இவ்வளவு மோசமாகக் குறைய வாய்ப்புக் குறைவு என்றார். பி12 பரிசோதனைக்கு ரத்தம் வெளியே அனுப்ப வேண்டும், முடிவு வர சில நாட்கள் ஆகும். அதுவரை வார்டில் சேர்க்க வேண்டும். மஜ்ஜைப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

"அப்படின்னா என்னாங்க?" என்றாள் சாந்தி.

"இடுப்பு எலும்புல மரத்துப்போக ஊசி போட்டு, உள்ள இருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுப்போம். ரத்தம் செய்யற பட்டறை அதுதான். பட்டறையில என்ன நடக்குதுன்னு பாக்கணும்."

சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. காப்பீட்டு அட்டைக்கான மேஜையில், எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும் என்று அங்கிருந்த பையன் சொல்லத் தொடங்குவதற்குள் நான் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன். "நீங்க இங்கயே வேலை பாத்தீங்களாம்மா?" என்றான். இந்தப் பாராட்டுக்காகத்தான் மனிதர்கள் அரசு வேலைக்குப் போகிறார்கள்.

இரவுகள் என்னுடையவை. சாந்திக்கு மாடு கறக்க வேண்டும், முருகேசனுக்குத் தக்காளிக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தால், எல்லா நோயாளிகளின் கால்களும் கண்மட்டத்தில் தெரியும். ஹரிணி தூங்கிய பிறகு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். விழித்திருந்தால் கூச்சத்தில் இழுத்துக்கொள்ளும் பிள்ளை. இப்போது தொட்டால் அசைவே இல்லை. புற்றுநோய் என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்லவில்லை. வார்டுக்கு வெளியே போய்ப் போனில் அதைப் பற்றிப் படித்தேன். படித்ததில் பாதியைப் படிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் இந்திராணி பொம்மிடியிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி வந்துவிட்டாள். கையில் பெரிய ஃபிளாஸ்க்.

"மொளகு ரசம் கண்ணு. சூடா ஒரு டம்ளர் குடி, நடந்துருவ."

ஹரிணி மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், திரும்பவும் மூடி அத்தை கையிலேயே கொடுத்தாள்.

"ஆட்டுக்கால் எத்தினி போட்டீங்க அத்தை?"

"அடிப்பாவி! நாய் மோப்பம் புடிக்கற மாதிரி புடிக்குது பாருங்க!" என்று இந்திராணி என்னிடம் திரும்பினாள். "ரெண்டே ரெண்டு காலுதாங்க. வடிகட்டிட்டன். தண்ணி மட்டுந்தான். தண்ணியில என்னா கறி இருக்குது?"

"கறி இல்லாத தண்ணிய எதுக்கு ரயில்ல தூக்கிட்டு வந்தே?" என்றேன்.

"உங்களுக்கென்னாங்க, படிச்சவங்க, பேசுவீங்க. புள்ளை கெடக்கற கெடப்பப் பாருங்க."

அவளையும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவதில்லை. ஆப்பிள் கொண்டுவருபவர் தெரிந்தவர், சூப்பு கொண்டுவருபவர் சொந்தம். அந்த ஃபிளாஸ்க்கை அடுத்த கட்டிலில் இருந்த அம்மாளிடம் கொடுத்தோம். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். இந்திராணிக்கு அதில்தான் அதிக வருத்தம்.

ஆனால் அந்தப் பிள்ளை மோப்பம் பிடித்த விதம் எனக்கு உறுத்தியது. புதிதாகச் செய்கிறவளுக்கு அவ்வளவு லாவகம் வராது.

காலையில் வார்டுக்குப் பால் வரும். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் எல்லோருக்கும் பொதுவாக, தண்ணீருக்கு நெருங்கிய உறவாக. ஹரிணி அதில் ஒரு டம்ளர் குடித்தாள். ஊற்றிக்கொண்டு வந்த ஆயாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் குடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து, சாந்தி காலையில் கறந்த கெட்டிப் பாலைச் சுண்டக் காய்ச்சி, தூக்குப் போசியில் கொண்டுவந்தாள். "அப்பறம் குடிக்கறம்மா" என்றாள் ஹரிணி. அம்மா மருந்துக் கடைக்குப் போனதும் போசியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளினாள். அடுத்த கட்டில் அம்மாள் எங்கள் குடும்பத்தால் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. தணிக்கைக்காரர்கள் முதல் பிழையைக் கண்டதும் கத்த மாட்டார்கள். இரண்டாவதுக்குக் காத்திருப்பார்கள்.

இரண்டாவது, அன்று சுற்றுக்கு வந்த டாக்டரம்மா வழியாக வந்தது. "நடுவுல எப்பவாவது கொஞ்சம் நல்லா இருந்தாளா?" என்று கேட்டார். சாந்தி உடனே, "புரட்டாசியில நல்லாத் தெளிஞ்சிருந்தாங்க. மத்தியானம் ரெண்டு தரம் மோர் ஊத்திக்கிட்டா. எல்லாம் பெருமாள் புண்ணியம்" என்றாள்.

புரட்டாசியில் எங்கள் பக்கத்து வீடுகள் பலவும் கவிச்சியை விட்டுவிடும். முதல் நாளே கறிச் சட்டிகளைத் தேய்த்து மேலே ஏற்றிவிட்டு, அடுப்பைக் கழுவி, சமையலறையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள் சாந்தி. அந்த மாதம் முடியும்வரை முட்டை ஓடுகூட வாசற்படி தாண்டாது. அது எனக்குத் தெரிந்ததுதான். அன்று மதியம் முழுக்க அதையே யோசித்தேன். ஹரிணிதான் வருடம் முழுக்கச் சைவமாயிற்றே? புரட்டாசியில் அவளுக்கு என்ன மாறுகிறது? அவள் தட்டில் எதுவுமே மாறுவதில்லை. மாறுவது சமையலறை.

சாயங்காலம் சாந்தி போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்.

"வூட்டுப் பால ஏண்டி குடிக்க மாட்டேங்கற?"

ஹரிணி போர்வை நுனியைச் சுருட்டினாள். "அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவன். ஆனா உன்ன திட்ட விட மாட்டன்."

சுருட்டிய நுனியை விட்டுவிட்டுச் சொன்னாள். "அதுல முட்டை அடிச்சுக் கலக்குனாங்க பெரிம்மா. மஞ்சளும் மொளகும் போட்டு, சளிக்குன்னு சொல்லி. எட்டாவதுல இருந்து. ஒரு நாளு டம்ளர் அடியில வெள்ளையா நூலு மாதிரி இருந்துச்சு. அப்பறம் பாத்தா தோசை மாவுலயும். ரசத்துல சூப்பு. எதுல இருக்குது, எதுல இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதனால?"

"எது கலக்க முடியாதோ அத மட்டும் சாப்புட்டன். வெறுஞ்சோறு, ஊறுகா, வேர்க்கடலை, வாழப்பழம். கொழம்பு, பால், தயிர் எல்லாம் வுட்டுட்டன்."

"அம்மா தெனம் கையில குடுக்கறாளே?"

"வாங்கிட்டுக் கொல்லைக்குப் போயி மாட்டுத் தொட்டியில ஊத்திருவன்."

பால் கறந்த மாட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. அந்த வீட்டில் ஊட்டமாக இருந்தது கிடேரிக் கன்றுதான் என்பதற்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

"புரட்டாசியில மட்டும் எப்படிடி குடிச்ச?"

"புரட்டாசில அம்மா ஏமாத்த மாட்டாங்க" என்றாள். "சாமிக்குப் பயப்படுவாங்க."

"டாக்டர் கேக்கறப்ப இதச் சொல்றதுக்கென்ன?"

"அத்தனை பேர் முன்னாடி அம்மாவப் பொய்க்காரின்னு சொல்றதா?"

இடுப்பெலும்பில் ஊசி போடப் போகிறார்கள் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் படுத்திருந்த பிள்ளைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

காலையில் சாந்தி வருவதற்கு முன் டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் பேனாவை மேஜை மேல் வைத்தார். "முட்டையை ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்து, கடைசியில பாலையும் சேர்த்து நிறுத்திட்டாங்க" என்றார். உடனே சோதனைக்கூடத்துக்குப் போன் செய்து, நுண்ணோக்கியில் பார்த்த ரத்தத்தைப் பற்றி விசாரித்தார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன, வெள்ளையணுவின் உட்கரு பல துண்டாகப் பிளந்திருந்தது, புற்றுநோயைச் சந்தேகிக்கும்படியான அணுக்கள் எதுவும் இல்லை. முதல் இரண்டும் பி12 குறைவின் அடையாளங்கள். மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளி வைத்தார். பி12 ஊசியை அன்றே தொடங்கினார். வெளியே போன ரத்தத்தின் முடிவும் பிறகு வந்தது. அளவு மிகமிகக் குறைவு.

அவர் எனக்கு விளக்கியதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். செடிகொடிகளில் பி12 நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. ஆகவே சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் பெரிய ஆதாரம். கல்லீரல் இதைச் சில வருடங்களுக்குச் சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் நிறுத்திய உடனே எதுவும் தெரியாது. வளரும் வயதில் செலவு அதிகம், இருப்பு சீக்கிரம் கரையும். கரைந்த பிறகு ரத்தம் குறையும், கூடவே நரம்பின் உறை பழுதாகும். கால் மதமதப்பு அப்படி வந்ததுதான்.

"நீங்க வாங்கிக் குடுத்த ஃபோலிக் அமில மாத்திரை கெட்டதில்ல" என்றார். "ஆனா பி12 இல்லாதவங்களுக்கு அது மட்டும் போனா, ரத்தம் கொஞ்சம் தேறுன மாதிரி காட்டும். நரம்பு பாட்டுக்கு உள்ள கெட்டுக்கிட்டே இருக்கும்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவள்.

சாந்தியிடம் சொல்வதுதான் மிச்சம். வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். முதலில் இல்லவே இல்லை என்றாள். அப்புறம் எப்போதாவது என்றாள். அப்புறம் குரல் உயர்ந்தது.

"நான் என்ன வெஷமா வெச்சன்? முட்டைதான வெச்சன்! வயசுக்கு வந்த பொண்ணு. நமக்கெல்லாம் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் அம்மா மூக்கைப் புடிச்சு ஊத்தல? எம்பொண்ணு வெளுத்துப் போறதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"நீ வெச்சது முட்டைதான் சாந்தி. அவ வுட்டது பாலு."

டம்ளரை வாங்கிக்கொண்டு பிள்ளை கொல்லைக்குப் போனது, காலி டம்ளரோடு வந்தது, தான் அதைக் கழுவி வைத்தது எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவதைப் பார்த்தேன். "தெனமுமா?" என்றாள். "தெனமுந்தான்" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவள். டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

ஊசி வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் பசி வந்தது. வார்டு உப்புமாவை வழித்துச் சாப்பிட்டாள். அந்த உப்புமாவுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இருக்க முடியாது. பிறகு நாக்கு எரிச்சல் அடங்கியது. ஒரு வாரம் போல ஆனதும் எடுத்த ரத்தத்தில் புது அணுக்கள் கிளம்பி வந்திருந்தன. பட்டறை ஓடத் தொடங்கிவிட்டது, இனி மஜ்ஜையில் ஊசி போட வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. வெளியே வராந்தாவில் போய் நின்று நான் ஒருமுறை நன்றாக மூச்சு விட்டேன். கால் மதமதப்பு மட்டும் மெதுவாகத்தான் போகும், மாதங்கள் ஆகலாம், ஆனால் போகும் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சாந்தி, முருகேசன், இந்திராணி, நான் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். டாக்டரம்மா எங்களை விட்டுவிட்டு ஹரிணியிடம் பேசினார்.

"முட்டை சாப்பிட்டா சுலபம். சாப்பிடுவியா?"

"மாட்டன் டாக்டர்."

"சரி."

"என்னாங்க டாக்டரம்மா, சரின்னுட்டீங்க!" என்றாள் இந்திராணி. "நாலு அதட்டு அதட்டுவீங்கன்னு பாத்தா?"

"அதட்டி என்ன ஆச்சுன்னுதான் பாத்தோமே" என்றார் அவர். "கறி முட்டை இல்லாமலும் இந்த வயசுப் பொண்ணு நல்லா வளரலாம். பருப்பு, கடலை, சுண்டல் தினமும் ஏதாவது ஒண்ணு. ராகி, எள்ளு, கீரை, கூடவே ஒரு புளிப்புப் பழம். பி12 ஊசி நான் சொல்ற தேதிக்கு, அப்பறம் மாத்திரை. பாலும் தயிரும் தினமும். ஊசியை நான் பாத்துக்கறன். பால் உங்க வூட்டு வேலை."

எல்லோரும் ஹரிணியைப் பார்த்தோம்.

"கடையில பாக்கெட் பால் வாங்கிக் குடுங்க, குடிக்கறன்" என்றாள். "நானே பிரிச்சு நானே காச்சிக்கறன்."

இரண்டு மாடு கறக்கும் வீட்டில் பாக்கெட் பால். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். சாந்தி துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே அடுக்கியவற்றையே எடுத்து மறுபடியும். பிள்ளைக்கு ரத்தம் ஊறிவிட்டது. அம்மா கையால் எதையும் வாங்கிக் குடிப்பாளா என்பதற்கு ஊசி கிடையாது.

நானும் அவர்களோடு இண்டூருக்குப் போய் நான்கு நாள் இருந்தேன். முதல் மூன்று நாளும் பாக்கெட் பால்தான். நான்காம் நாள் காலை ஹரிணி கொல்லைப்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சாந்தி காலிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். மகளின் பார்வையிலேயே கறந்தாள். நுரை அடங்குவதற்குள், மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் படியருகே தூக்கிவந்து வைத்து, அங்கேயே காய்ச்சினாள். வடிகட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஏதாவது சொல்லி இதைக் கெடுத்துவிடப் போகிறேன் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன்.

"நான் ஒண்ணுமே போடல கண்ணு. சக்கரகூடப் போடல" என்றாள் சாந்தி. "நம்பலன்னா நானே மொதல்ல குடிக்கறன்."

டம்ளரில் ஊற்றி ஆற்றி, தூக்கிக் குடிக்காமல் உதட்டில் வைத்தே குடித்தாள். ஒரு மடக்கு போதாது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு மடக்கு குடித்தாள். மகளைப் பார்த்தாள். ஹரிணி முகத்தில் எதுவும் தெரியவில்லை. மறுபடியும் குடித்தாள். டம்ளர் சாய்ந்துகொண்டே போனது. கண்ணில் நீர் வழிய, மூச்சு விடாமல், அந்தச் சூட்டோடு அவள் பாதிக்கு மேல் குடித்துவிட்டாள்.

"போதும்மா" என்று ஹரிணி கையை நீட்டினாள். "எனக்கும் கொஞ்சம் வை."

வாங்கினாள். கழுவவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. அம்மா உதடு வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத்தைக் குடித்து முடித்தாள்.